சரிவில் தோட்டக் கொட்டகை: வெட்டி மட்டமாக்குவதா, படிக் கடைக்காலா, தூண்களா?

மலையில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் ஒரு ஷெட் தேவைப்படும். மண்வெட்டி, மருந்தடிக்கும் பம்பு, உர மூட்டை, கேரட் சாக்கு எல்லாவற்றையும் மழையில் நனையாமல் வைக்க 8க்கு 12 அடி போதும். மேலே தகரமும் சுற்றிலும் கலர் ஷீட்டும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும் வேலை. கீழே என்ன போடுவது என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபறி. கொத்தனாரைக் கேட்டால், "மண்ணை வெட்டி மட்டம் பண்ணி கான்கிரீட் போட்டுடலாம்" என்பார். வெல்டிங் பட்டறைக்காரர், "பில்லர் நிறுத்தி மேல ஃபிரேம் வச்சா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்" என்பார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கருங்கல் கட்டுதான் காலத்துக்கும் நிற்கும் என்று சாதிப்பார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஓரிடத்துக்குச் சரிதான். உங்கள் இடம் அதுவா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

நீலகிரியை மனதில் வைத்து எழுதுகிறேன். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பக்கமும் பெரும்பாலும் பொருந்தும். கணக்குப் போட வசதியாக ஒரே கொட்டகையை எடுத்துக்கொள்வோம்: 8க்கு 12 அடி, நிலம் ஐந்தடிக்கு ஓரடி இறங்குகிறது.

## முதலில் நிலத்தை அளக்கவும், தோண்டவும்

"லேசான சரிவுதான்" என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம். மேல் மூலையில் ஒரு குச்சி, கீழ் மூலையில் ஒரு குச்சி நட்டு, டியூப் லெவலில் (உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய்) தண்ணீர் நிரப்பி இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிட்டு, அங்கிருந்து தரைவரை அளந்தால் இறக்கம் எத்தனை இஞ்சு என்று தெரிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் கொட்டகையின் 12 அடி நீளம் சரிவோடு கீழ்நோக்கி இருந்தால் இறக்கம் சுமார் 29 இஞ்சு. அதையே திருப்பி, நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கே வரும்படி வைத்தால் 19 இஞ்சு. பைசா செலவில்லாமல் 10 இஞ்சு மிச்சம். ஆனாலும் பலர் பாதையைப் பார்த்து ஷெட் நிற்க வேண்டும் என்பதற்காக நீளவாக்கில் சரிவில் இறக்கிவிடுகிறார்கள்.

அடுத்து, நடுவில் 3 அடி ஆழத்துக்கு ஒரு குழி. மேலே கருமண் மண்வெட்டிக்குச் சுலபமாக வரும். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாகக் கெட்டி மண் வர வேண்டும். கடைக்கால் அந்தக் கெட்டி மண்ணில்தான் உட்கார வேண்டும், கருமண்ணில் உட்காரக் கூடாது. தோண்டும்போது செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை என்று வந்தால் அது யாரோ முன்பு கொட்டி நிரப்பிய மண். நடுவில் கல்லில் கடப்பாரை "ணங்" என்று பட்டதும் பாறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். நீலகிரி மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் தனித்தனியாகப் புதைந்து கிடக்கும். இரண்டடி தள்ளி இன்னொரு இடத்திலும் குத்திப் பாருங்கள். அங்கே கடப்பாரை இறங்கினால் நீங்கள் தொட்டது ஒரு தனிக் கல், அவ்வளவுதான்.

குழியைத் திறந்தபடியே ஒரு மழை பார்க்க விடுவது நல்லது. மழை நின்று ஒரு நாள் ஆன பிறகும் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தால் அங்கே ஊற்று ஓட்டம் இருக்கிறது. சுற்றிலும் நிற்கும் மரங்களின் அடிப்பகுதி சரிவுப்பக்கம் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தாலும், வேலிக்கல் வரிசையாகக் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தாலும், மேல்மண் மெதுவாக நகர்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கடைக்கால் நல்லது என்று ஒப்பிடுவதே வீண். இருபதடி தள்ளி வேறு இடம் பாருங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்பதுதான். சின்னக் கொட்டகைக்கு அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. 45 கிலோ யூரியா மூட்டை 30 அடுக்கினால் 1,350 கிலோ. கொட்டகையும் தரையும் ஒரு டன், அடியில் கான்கிரீட் இரண்டு டன்னுக்குச் சற்று மேல் என்று வைத்தாலும் மொத்தம் நாலரை டன். இதை இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள ஆறு பூட்டிங் (தூணுக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் அடித்தளம்) பகிர்ந்துகொண்டால் சதுர மீட்டருக்கு 2 டன்தான் வரும். மிக மென்மையான களிமண்ணுக்கே சதுர மீட்டருக்கு 5 டன்வரை அனுமதிக்கிறார்கள். ஆக, சரிவில் நிற்கும் கொட்டகை பெரும்பாலும் மண்ணில் புதைந்து கெடுவதில்லை. நிரப்பிய மண் அமுங்கியோ, நனைந்த மண் நகர்ந்தோ, அடியில் மண் அரித்துப் போயோதான் கெடுகிறது. அதனால் நான் பார்க்கிற வரிசை இது:

- எவ்வளவு மண்ணைக் கிளற வேண்டியிருக்கிறது?
- மேலிருந்து வரும் மழைத்தண்ணீருக்கு வழி விடுகிறதா, குறுக்கே நிற்கிறதா?
- ரோட்டிலிருந்து எவ்வளவு பொருளைச் சுமக்க வேண்டும்?
- உள்ளே வைக்கப்போவது என்ன, அதை எப்படி உள்ளே கொண்டுபோவது?
- பிற்பாடு மட்டம் மாறினால் சரிசெய்ய முடியுமா?

தண்ணீரை ஏன் இவ்வளவு மேலே வைக்கிறேன் என்று நீலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கொட்டகைக்காக நாம் வெட்டும் மண் அந்த அளவுக்குப் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் வெட்டிய மண் மழையில் நடந்துகொள்ளும் விதம் சின்ன அளவிலும் அதேதான்.

## வெட்டி மட்டமாக்கிய மேடை

கொத்தனார்கள் முதலில் சொல்வதும், பார்க்கத் திருத்தமாக இருப்பதும் இதுதான். மட்டமான தரை, மேலே 4 இஞ்சு கான்கிரீட், தள்ளுவண்டியை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம். கான்கிரீட்டுக்கு ஆகும் சிமெண்டும் அதிகமில்லை, ஆறேழு மூட்டைதான். செலவு மண்ணிலும் கல்லிலும் இருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிரச்சினை.

முதல் வகை முழு வெட்டு. கொட்டகைக்கு 8 அடி, பின்னால் வடிகாலுக்கும் முன்னால் நடக்கவும் சேர்த்து மேடை 12 அடி அகலம், 14 அடி நீளம் என்று வைத்தால், பின்பக்கம் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டும் மண் 200 கன அடி, அதாவது 2 யூனிட். வெட்டியதும் உதிர்ந்து பருத்து இரண்டரை யூனிட்டாகிவிடும். அவ்வளவு மண்ணையும் எங்கே போடுவது? கீழ்ப்பக்கம் சும்மா தள்ளிவிடுவதுதான் வழக்கம். அது அடுத்த மழையில் பக்கத்துக்காரர் பீன்ஸ் பாத்திக்கோ ஓடைக்கோ போய்ச் சேரும்.

இரண்டாவது வகை பாதி வெட்டு, பாதி நிரப்பு. பின்னால் வெட்டிய மண்ணை முன்னால் போட்டு மட்டமாக்குவது. இதில் வெட்ட வேண்டிய மண் 50 கன அடிதான், முழு வெட்டில் கால்வாசி. மண்ணை வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். கேட்கும்போது இதைவிட நல்ல யோசனை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் கொட்டகையின் பின்பாதி காலங்காலமாக இருந்த கெட்டி மண்ணிலும் முன்பாதி போன வாரம் கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. பின்பாதி அசையாது, முன்பாதி அமுங்கும். ஒரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் தரையின் நடுவில், வெட்டும் நிரப்பும் சேர்ந்த கோட்டிலேயே, சரிவுக்குக் குறுக்காக ஒரு விரிசல் நேராக ஓடியிருக்கும். அதற்கும் முன்பே கதவு சொல்லிவிடும். கீழ்மூலை தரையில் உரசும், மேலே சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பக்கம் நூலளவும் மறுபக்கம் விரலளவுமாக இடைவெளி தெரியும்.

நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 6 இஞ்சு, 6 இஞ்சாகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வொரு படுகையையும் திமிசு (கனமான இடிகட்டை) போட்டு இடிக்க வேண்டும். இரண்டடி மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே நாலு மிதி மிதித்துவிட்டு "செட்டாயிடும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மழையில் செட் ஆகும்தான், மேலே போட்ட கான்கிரீட்டையும் கூட்டிக்கொண்டு.

அப்புறம் தடுப்புச் சுவர். நிரப்பு மண்ணைப் பிடிக்க முன்னால் ஒன்று, வெட்டிய முகத்தைத் தாங்கப் பின்னால் ஒன்று. இதில் உயரத்தைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சாதாரண மண் தள்ளும் விசை சுமார் 300 கிலோ. உயரம் இரண்டு மீட்டரானால் அது 1,200 கிலோ, இரண்டு மடங்குக்குப் பதில் நான்கு மடங்கு. ஒரு மீட்டர் சுவரிலேயே பின்னால் மேல்வரை தண்ணீர் நின்றுவிட்டால் 300 கிலோ 600ஐத் தாண்டிவிடும். மலையில் விழுந்து கிடக்கும் கல்கட்டுகளைக் கவனியுங்கள். பெரும்பாலானவற்றில் கல்லும் நல்ல கல்தான், கலவையும் குறைவில்லை. தண்ணீர் வெளியேற ஒரு துளை இருந்திருக்காது, அல்லது துளை இருந்தும் பின்னால் ஜல்லி போடாததால் மண் அடைத்திருக்கும்.

கருங்கல் சுவர் என்றால் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். முகம் பின்னால், மண் இருக்கும் பக்கம் லேசாகச் சாய வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றாக 3 இஞ்சு பைப் வைத்து, சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். சிமெண்ட் இல்லாமல் கம்பி வலைக்கூடையில் கல் அடுக்கும் கேபியன் வைத்தால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை, உடம்பு முழுக்கத் துளைதான். ஆனால் அகலமாக வரும், இடத்தைத் தின்னும்.

மேடை சரியான முடிவாக இருப்பது இரண்டு இடங்களில். 8 அடிக்கு ஓரடிக்குள் இறக்கம் இருந்தால் முழு வெட்டாகவே செய்துவிடலாம், வெட்டு முகமும் சின்னது. இல்லையென்றால் பவர் டில்லர் போல உருட்டி உள்ளே கொண்டுபோக வேண்டிய கனமான பொருள் இருந்தால், மற்ற எதுவும் இவ்வளவு வசதிப்படாது.

## படிக் கடைக்கால்

நாலு பக்கமும் வாணம் (கடைக்காலுக்கான நீளப் பள்ளம்) தோண்டி, சரிவு ஏற ஏற அடித்தளத்தையும் படிபடியாக ஏற்றி, மேலே பேஸ்மட்டத்தை (தரைக்கு அடியில் வரும் கட்டை) ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. மலையில் வீடு கட்டுபவர்கள் தலைமுறையாகச் செய்யும் முறை. பெரியவர் சொன்ன "காலத்துக்கும் நிற்கும்" கட்டு இதுதான். சரியாகச் செய்தால் நிற்கவும் நிற்கும்.

சரியாக என்றால் மூன்று விஷயம். ஒவ்வொரு படியின் அடியும் மட்டமாக இருக்க வேண்டும், நிலத்தின் சாய்வையே வாணத்தின் அடியிலும் விட்டுவிட்டு மேலே கல் கட்டினால் மொத்தமும் வழுக்கும். மேல்படியும் கீழ்படியும் சேரும் இடத்தில், படி முக்காலடி ஏறினால் ஒன்றரை அடியாவது ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். சாலிட் பிளாக்கில் கட்டுவதாக இருந்தால் படியின் உயரத்தை பிளாக் வரிசையின் உயரத்துக்குப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் பிளாக்கை உடைத்துத் துண்டு வைக்க நேரும்.

நம் அளவுக்கு 40 அடி வாணம், ஏறத்தாழ 200 கன அடி தோண்டல், கிட்டத்தட்ட 2 யூனிட் கருங்கல். இதில் யாரும் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது. பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பியதும், கீழ்ப்பக்கத்துச் சுவர் வெறும் கடைக்காலாக இல்லாமல் தடுப்புச் சுவராகவும் ஆகிவிடுகிறது. உள்ளே உள்ள மண் அதை வெளிப்பக்கம் தள்ளும். எனவே அதற்கும் அகலம் வேண்டும், பைப் துளை வேண்டும். மற்ற மூன்று பக்கத்துக்கு ஒன்றேகால் அடி அகலம் என்றால் கீழ்ப்பக்கத்துக்கு ஒன்றேமுக்கால் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே நிரப்ப வெட்டிய கருமண்ணைப் போடாமல் கிராவல் போடுங்கள். தரைக்கும் உடனே சிமெண்ட் பூச வேண்டாம், ஒரு மழைக்காலம் ஜல்லித் தரையாகவே இருக்கட்டும். அமுங்குவது அமுங்கிய பிறகு மேலே போட்டால் வெடிக்காது.

இன்னொரு தொல்லை, இந்தப் பேஸ்மட்டம் சரிவுக்குக் குறுக்கே ஒரு சின்ன அணை. மேலிருந்து வரும் தண்ணீர் பின்சுவரில் முட்டி இரண்டு பக்கமும் பிரியும். பின்னால் வடிகால் வெட்டாமல் விட்டால் இரண்டு மூலைகளிலும் மண் அரித்து, படிக் கடைக்காலின் அடியே வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

இவ்வளவு செலவு ஒரு ஷெட்டுக்குத் தேவையா என்றால், வெறும் கருவி வைக்க என்றால் தேவையில்லை. நாளைக்கு அதையே ஒரு அறையாகவோ கூலியாட்கள் தங்கும் இடமாகவோ மாற்றும் எண்ணம் இருந்தாலும், பிளாக் சுவர் எழுப்பப் போவதாக இருந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும். கற்சுவரும் பிளாக் சுவரும் கொஞ்சம் அடி அசைந்தாலும் வெடிக்கும், அவற்றுக்கு நீளமாகத் தொடர்ந்து வரும் அடித்தளம் வேண்டும்.

## தூண்களின் மேல் சட்டம்

மண்ணை அப்படியே விட்டுவிட்டு, ஆறு இடத்தில் மட்டும் குழி தோண்டி பூட்டிங் போட்டு, தூண்களை ஒரே மட்டத்துக்கு எழுப்பி, மேலே இரும்புச் சட்டம். தண்ணீர் அடியில் போய்விடும். தோண்டுவது ஆறு குழி மண் மட்டும், அதிலும் பாதி திரும்ப உள்ளேயே போய்விடும். ஐந்துக்கு ஒன்று சரிவில் 8க்கு 12 தகரக் கொட்டகைக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பூட்டிங் 2க்கு 2 அடி, 9 இஞ்சு கனம், அடியில் பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்), மேலே 9 இஞ்சுத் தூண். ஆறுக்கும் சேர்த்து கான்கிரீட் ஒரு கன மீட்டரை ஒட்டி வரும், சிமெண்ட் பத்து மூட்டைக்குள். ஆழம் இரண்டரை முதல் மூன்று அடி. இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 குறைந்தது 50 செ.மீ. ஆழம் கேட்கிறது. கருமண்ணைத் தாண்ட வேண்டியிருப்பதால் மலையில் அது போதாது. அதே விதியில் சரிவுக்கென்று இன்னொன்றும் இருக்கிறது: பூட்டிங்கின் கீழ்விளிம்பிலிருந்து படுக்கைவாட்டில் அளந்தால் சரிவின் முகம் குறைந்தது 90 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், பாறையானால் 60 செ.மீ. ஐந்துக்கு ஒன்று சரிவில் இது தானாகவே கிடைத்துவிடும். பழைய உருளைக்கிழங்குத் தோட்டத்தின் படிமேடையில், விளிம்பை ஒட்டித் தூண் வைக்கும்போதுதான் இடிக்கும். அங்கே ஒன்று உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது ஆழமாகப் போங்கள்.

கனமான கட்டு மழையில் நின்றுவிடும், லேசான கொட்டகை காற்றில் நிற்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவில் அடிக்கும் காற்று தகரத்தை மட்டும் பெயர்ப்பதில்லை, அடியில் புகுந்து மொத்தத்தையும் தூக்கப் பார்க்கும். தூணில் கான்கிரீட் போடும்போதே 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கை நிறுத்திவிட வேண்டும். காய்ந்த பிறகு டிரில் போட்டு ஃபாஸ்ட்னர் அடிக்கலாம் என்பார்கள், 9 இஞ்சுத் தூணில் ஓரம் தெறித்துவிடும். கீழ்ப்பக்கத் தூண்கள் தரைக்கு மேல் இரண்டரை அடிவரை நிற்கும். அவற்றுக்கு நடுவே ஆங்கிளில் குறுக்குக் கம்பி கொடுக்காவிட்டால், உள்ளே நடக்கும்போதே ஆட்டம் தெரியும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தரையும் ஒரு தனி வேலை: இரும்புச் சேனலின் மேல், வழுக்காத செக்கர் பிளேட்டோ சிமெண்ட் போர்டோ பலகையோ போட வேண்டும். மேடையில் கான்கிரீட்டே தரை, இங்கே தரைக்குத் தனியாகப் பணம். இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட், அதுவும் மூடுபனி ஊரில் சில ஆண்டுக்கு ஒருமுறை. உரம் வைக்கும் கொட்டகையில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும், யூரியா சிந்திய இடத்தில் பிளேட் இரண்டு மழைக்குள் செதில் விடும்.

அடியில் உள்ள இடைவெளிக்கு நீங்கள் மட்டும் சொந்தக்காரர் இல்லை. எலி, தெருநாய்க் குட்டி, முள்ளம்பன்றி என்று எல்லாம் வரும். சுற்றிலும் வலை அடித்துவிடுங்கள், தகரத்தால் மூட வேண்டாம், காற்றோட்டம் போய்விடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிக்கு எந்த வலையும் பொருட்டில்லை. எண்ணெய், மாவு மாதிரி வாசனையுள்ளதை ஷெட்டில் வைக்காமல் இருப்பதுதான் வழி.

வாசலை மேல்பக்கம் வைத்துவிட்டால் படிக்கட்டே தேவையில்லை, தரையும் நிலமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தள்ளுவண்டியும் போகும். வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன வடிகாலும் அதன்மேல் ஒரு கல் பலகையும் மட்டும் போட வேண்டியிருக்கும்.

மட்டம் மாறினால் என்ன செய்வது? ஒரு தூண் அரை இஞ்சு இறங்கினால் போல்டைத் தளர்த்தி, ஜாக்கியால் சட்டத்தைத் தூக்கி, நடுவில் இரும்புத் தகடு செருகிவிடலாம். மேடையிலும் கற்கட்டிலும் இந்தச் சலுகை கிடையாது. வெளிநாட்டில் இதே வேலைக்குத் தரையில் முறுக்கி இறக்கும் இரும்புத் திருகு ஆணிகளைப் பயன்படுத்துகிறார்கள். சோலார் வேலை செய்பவர்களிடம் இங்கேயும் கிடைக்கும். உருண்டைப் பாறை புதைந்த மண்ணில் அவை நேராக இறங்காது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஜல்லி மேடை, மரக்கால்

8 அடிக்கு 8 முதல் 10 இஞ்சுக்குள்தான் இறக்கம் என்றால் ஜல்லி மேடையே போதும். கருமண்ணை வழித்தெடுத்து, கீழ்ப்பக்கம் ஒரு வரிசை சைஸ் கல் பதித்து, 40 மி.மீ. ஜல்லி போட்டு இடித்து, மேலே கொட்டகையின் சட்டத்தை வைத்துவிடலாம். தண்ணீர் தேங்காது, சிமெண்ட் வேண்டாம், பிடிக்காவிட்டால் கலைத்துவிடலாம். அதற்கு மேல் சரிவு உள்ள இடத்தில் ஜல்லி கீழ்ப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிடும்.

மரக்கால் நட்டுக் கட்டுவது மலிவு, வேகம். தோட்டத்திலேயே சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதியை ஈரமும் கறையானும் விடாது, தரைமட்டத்தில்தான் முதலில் அழுகும். சொந்த நிலத்து மரம்தானே என்று அனுமதி வாங்காமல் வெட்டவும் முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். ஓரிரு ஆண்டுக்குத் தற்காலிகமாகப் பந்தல் போட என்றால் சரி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மேடை (முழு வெட்டு) | படிக் கடைக்கால் | தூண்கள் | ஜல்லி மேடை |
|---|---|---|---|---|
| பொருந்தும் இறக்கம் (8 அடிக்கு) | ஓரடிவரை | 1 முதல் 3 அடி | 1 அடிக்கு மேல் | 10 இஞ்சுவரை |
| கிளறும் மண் | மிக அதிகம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| மேலிருந்து வரும் தண்ணீர் | பின்னால் வடிகால் கட்டாயம் | முட்டிப் பிரியும் | அடியில் போய்விடும் | ஊடுருவும் |
| சுமக்கும் பொருள் | கல்லும் ஜல்லியும் | எல்லாவற்றிலும் அதிகம் | குறைவு, ஆனால் நீள இரும்பு | ஜல்லி மட்டும் |
| பிளாக் சுவர் எழுப்ப | கிளறாத கெட்டி மண்ணில் மட்டும் | ஏற்றது | கூடாது | கூடாது |
| மட்டம் மாறினால் | உடைத்துப் போட வேண்டும் | ஒட்டுவேலைதான் | தகடு செருகலாம் | மீண்டும் இடிக்கலாம் |

பாதி வெட்டு, பாதி நிரப்பை அட்டவணையில் சேர்க்கவில்லை. கொட்டகை முழுவதும் ஒரே வகை மண்ணில் நிற்க முடியாத எதையும் நான் ஒரு வழியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

## எஸ்டிமேட்டில் வராதவை

மலையில் விலை என்பது லாரி நிற்கும் இடம்வரைதான். அங்கிருந்து தோட்டத்துக்குத் தலைச்சுமை. படிக் கடைக்காலுக்கான 2 யூனிட் கல் ஏறத்தாழ 9 டன். நடைக்கு 25 கிலோ என்றால் 360 நடை, ஏற்றமோ இறக்கமோ அதற்கேற்ப. தூண் வேலைக்கு எல்லாம் சேர்த்து மூன்று டன் சொச்சம்தான் வரும். ஆனால் 12 அடி சேனலைக் குறுகலான தேயிலைப் பாதையின் வளைவில் திருப்ப முடியுமா என்று முதலில் நடந்து பாருங்கள். முடியாவிட்டால் இரண்டாக வெட்டிக் கொண்டுவந்து அங்கேயே வெல்டிங், அதற்கு ஜெனரேட்டர் வாடகை. ரோட்டோரத் தோட்டமாக இருந்து லாரி உள்ளேயே வருமானால் இந்தக் கணக்கு தலைகீழாகும், கற்கட்டு அவ்வளவு பயமுறுத்தாது.

"பொக்லைன் வச்சு ஒரு மணி நேரத்துல மட்டம் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், நீலகிரியில் அப்படிப்பட்ட இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டடத்துக்கும் உள்ளாட்சி அனுமதியோடு, 1990 முதல் இருக்கும் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஷெட்தானே என்று விட்டுவிடாமல் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மண்ணை அதிகம் வெட்டும் வழிகளில்தான் கேள்விகளும் அதிகம் வரும்.

கூரைத் தண்ணீரை எல்லோரும் மறக்கிறார்கள். தாழ்வாரம் சேர்த்து 10க்கு 14 அடி கூரை, 10 செ.மீ. மழை பெய்தால் 1,300 லிட்டர். அதைக் கீழ்ப்பக்கத் தூண்களின் அடியிலேயே சொட்டவிட்டால் எந்த பூட்டிங்கும் சில ஆண்டில் வெளியே எட்டிப்பார்க்கும். கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் கட்டர் போட்டு, பைப்பில் பத்தடியாவது தள்ளி, கல் பரப்பிய இடத்தில் விடுங்கள். தண்ணீரைச் சேமிக்க 1,000 லிட்டர் டேங்க் வைப்பதானால் அது தனியாக ஒரு டன். கொட்டகையின் சட்டத்திலோ கீழ்விளிம்பிலோ ஏற்றாமல், மேல்பக்கத்தில் கிளறாத கெட்டி மண்ணில் தனி மேடை போட்டு வையுங்கள்.

## உங்களுக்கு எது?

தகரக் கொட்டகை, கருவியும் முப்பது மூட்டையும், பாதை நடைபாதைதான், சரிவு நம் எடுத்துக்காட்டு அளவு அல்லது அதற்கு மேல்: தூண்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிளாக் சுவர், பிற்பாடு அறை, லாரி வரும் வசதி: படிக் கடைக்கால், கீழ்ச்சுவரைத் தடிமனாக. சரிவு குறைவு, டில்லர் உள்ளே போக வேண்டும்: முழு வெட்டு மேடை. சரிவே பெயருக்குத்தான் என்றால் ஜல்லியைப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல கட்டர் வாங்குங்கள்.

நிலம் நாலுக்கு மூன்று, ஒன்றுக்கு ஒன்று என்று செங்குத்தாக இறங்கினால் இந்தக் கட்டுரையின் அளவுகள் எதுவும் உதவாது. அங்கே கட்டட இன்ஜினியர் வந்து பார்த்து வரைந்து கொடுத்த பிறகே குழி.

எந்த வழியானாலும் வேலையைப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முடிக்கப் பாருங்கள். கூடலூர், ஊட்டி மேற்கில் ஜூனிலேயே மழை பிடித்துக்கொள்ளும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான் பெருமழை. கோடை மழை நடுவில் வந்து தோண்டிய குழியில் தண்ணீர் நின்றுவிட்டால், தண்ணீரை இறைத்து, அடியில் குழைந்த சேற்றை வழித்தெடுத்து, கெட்டி மண் தட்டும்வரை இன்னும் நாலைந்து இஞ்சு தோண்டிய பிறகே பி.சி.சி. போடச் சொல்லுங்கள். சேற்றின் மேல் ஒரு சட்டி ஜல்லியைக் கொட்டி மறைத்துவிட்டு வேலையைத் தொடர்வது பல இடங்களில் நடக்கிறது. அன்றைக்கு மட்டும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.